எத்தனை பேரில் எத்தனை பேர்?

செயற்கைக் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளில் நூற்றுக்கு அறுபது, நூற்றுக்கு எழுபது என்று வெற்றி விகிதங்கள் மின்னுகின்றன. பின்னத்தில் மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி என்று பள்ளியில் படித்தோம். அந்தப் பலகைகளில் தொகுதி மட்டுமே தெரிகிறது. பகுதி எது என்று எவரும் எழுதி வைப்பதில்லை. எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இத்துறையின் வரலாற்றைப் படித்தால், அது பெருமளவும் பதிவேடுகளின் வரலாறாகவே விரிகிறது.

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரௌன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்தார். அப்பிறப்பின் பின்னிருந்தவர்கள் உடலியல் அறிஞர் ராபர்ட் எட்வர்ட்ஸ், மகப்பேறு மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோ, ஆய்வகப் பொறுப்பாளர் ஜீன் பர்டி ஆகிய மூவர். அவர்களுடைய ஆய்வகக் குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்கை வெளிக்கொணர்ந்தனர். 1969 முதல் 1978 வரை 282 பெண்களுக்கு 457 முறை சினைமுட்டை எடுக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது. கருவைக் கருப்பையில் செலுத்தும் நிலையை எட்டியவை 112. கருத்தரித்தவை 5. உயிருடன் பிறந்து நிலைத்தவை 2. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டு பிறப்புகளை உலகம் கொண்டாடியது. வெறுங்கையோடு வீடு திரும்பிய 280 பெண்களை அந்தக் குறிப்பேடு மட்டுமே நினைவில் வைத்திருந்தது.

ஓல்டம் பிறப்பு நிகழ்ந்து சரியாகப் பத்து வாரங்கள் கழித்து, 1978 அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்க்கை பூசைக் காலமாதலால் துர்கா என்ற பெயரில் செய்தி வெளியாயிற்று. உடலியல் பேராசிரியர் சுபாஷ் முகோபாத்யாய், உறைநிலை உயிரியல் அறிந்த சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகியோர் இதைச் சாதித்தனர். முகோபாத்யாய் கையாண்ட முறை ஓல்டம் முறையினின்று வேறுபட்டது. ஊக்குநீர் ஊசி மூலம் ஒரே சுழற்சியில் பல சினைமுட்டைகளை முதிரச் செய்தார். அவற்றை யோனி வழியாக எடுத்தார். உருவான கருவை 53 நாள்கள் உறையவைத்துப் பிறிதொரு மாதத்தில் கருப்பையில் செலுத்தினார். இன்றைய மையங்களின் அன்றாட நடைமுறை பல கூறுகளில் இதனையே ஒத்திருக்கிறது.

ஆனால் அவரை நம்பியவர் சிலரே. 1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. கருவியலில் பட்டறிவு இல்லாதவர்களே பெரும்பான்மையாக இருந்த அக்குழு, அவருடைய கூற்றை ஏற்க மறுத்தது. குழந்தையின் பெற்றோரோ ஊராரின் பேச்சுக்கு அஞ்சி வெளிப்படத் தயங்கினர். ஜப்பான் சென்று தம் ஆய்வை விளக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1981இல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்குப் பணிமாற்றம் செய்யப்பட்டார். அவ்வாண்டு ஜூன் 19 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பையில் ஹர்ஷா என்ற குழந்தை பிறந்தபோது, அறிவியல்முறைப்படி ஆவணப்படுத்தப்பட்ட முதல் இந்தியச் சோதனைக்குழாய்க் குழந்தை அதுவே என்று அறிவிக்கப்பட்டது. அச்சாதனைக்கு உரியவர்கள் அறிவியலாளர் டி. சி. ஆனந்த் குமாரும் மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும். 1997இல் கொல்கத்தா சென்ற ஆனந்த் குமாரிடம் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகள் வந்து சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்த அவர், முதன்மை தமக்குரியதன்று, முகோபாத்யாய்க்கே உரியது என்று ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். தம் பெயருக்கு முன்னிருந்த பட்டத்தைத் தாமே கழற்றி, மறைந்த ஒருவருக்குச் சூட்டிய செயல் அது. அதற்கு ஆதாரமாக நின்றவை அந்தக் குறிப்புகளே.

ஒரு பிறப்பை மெய்ப்பிக்கச் சான்று போதாது என்று ஒரு மனிதரை வதைத்த நாட்டில், அடுத்த இரு தலைமுறைகளில் நேர்மாறான நிலை உருவானது. நகரந்தோறும் மையங்கள் பெருகின. அவை சொன்ன விகிதங்களைச் சரிபார்க்கும் அமைப்பு நெடுங்காலம் இல்லை.

விகிதம் எவ்வாறு வளைகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 100 பெண்கள் சிகிச்சையைத் தொடங்குகின்றனர் எனக் கொள்வோம். 70 பேருக்குக் கரு செலுத்தப்படுகிறது. 35 பேருக்குக் கருத்தரிப்புச் சோதனை சாதகமாக வருகிறது. 22 பேருக்குக் குழந்தை பிறக்கிறது. கரு செலுத்தப்பட்டோரைப் பகுதியாகவும் சோதனை முடிவைத் தொகுதியாகவும் கொண்டால் வெற்றி நூற்றுக்கு 50. தொடங்கியோரையும் பிறந்த குழந்தைகளையும் கொண்டால் நூற்றுக்கு 22. இரண்டுமே பொய்யல்ல. ஆனால் நகையை அடகு வைத்து வரும் தம்பதியர் கேட்க விரும்புவது இரண்டாவது எண்ணை; பலகையில் காண்பது முதலாவதை. இளம் வயதினரை மட்டும் சேர்த்துக்கொண்டாலும் விகிதம் உயரும். ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களைச் செலுத்தினாலும் உயரும். அதன் விலையை இரட்டை, மும்மைக் கருவைச் சுமக்கும் தாயும் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளும் செலுத்துவர்.

பிற நாடுகள் இதைச் சட்டத்தால் எதிர்கொண்டன. பிரிட்டனில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஒழுங்காற்று ஆணையம் 1991இல் பணி தொடங்கியது. அமெரிக்கா 1992இல் இயற்றிய சட்டம் ஒவ்வொரு மையத்தின் வெற்றி விகிதமும் வெளியிடப்பட வேண்டும் என்றது. 1995ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்ட முதல் அறிக்கை 1997இல் வெளிவந்தது. இந்தியாவில் 2005இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டு நெறிகள் வந்தன; அவற்றுக்குச் சட்ட வலிமை இல்லை. 2008இல் முதல் சட்ட வரைவு உருவானது. சட்டம் நிறைவேறியதோ 2021 டிசம்பரில். துர்கா பிறந்து 43 ஆண்டுகள் கடந்திருந்தன.

அச்சட்டம் தேசியப் பதிவகம் ஒன்றை நிறுவி, மையங்கள் தம் சிகிச்சைகளின் விளைவுகளை அதற்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அம்மையத்தில் வெற்றிக்குள்ள வாய்ப்பு, செலவு, பக்க விளைவுகள் ஆகியவற்றைச் சிகிச்சைக்கு வருவோர்க்கு எடுத்துரைப்பதையும் கடமையாக்குகிறது. ஆயினும் மையவாரியான விகிதங்களை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும் என்ற கட்டளை அதில் இல்லை. தரவு அரசிடம் சேரும். தம்பதியர் பார்ப்பது இன்னமும் பலகையைத்தான்.

ஆகவே மையத்தின் வாசலில் நிற்போர் கேட்டுப் பெற வேண்டியவை நான்கு. என் வயதினரில் சென்ற ஆண்டு எத்தனை பேர் சிகிச்சையைத் தொடங்கினர்? அவர்களில் எத்தனை பேருக்கு உயிருடன் குழந்தை பிறந்தது? எத்தனை கருக்கள் செலுத்தப்பட்டன? பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர், ஏன்? இவற்றுக்கு எழுத்தில் விடை கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. ஓல்டத்தில் ஜீன் பர்டி நாள்தோறும் எழுதி வைத்ததும் இந்த விடைகளைத்தான்.