கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியும் ஒரு கழித்தல் கணக்கும்

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்துப் பெரியவர்களிடம் ஸ்டான்லி மருத்துவமனை எங்கே என்று கேட்டால், "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். 1782-ல், ஹைதர் அலியுடன் நடந்த போரின்போது வந்த பஞ்சத்தில், மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற கம்பெனி மருத்துவர் அங்கே வைத்தியமும் தொடங்கினார். அந்த இடமே வளர்ந்து, 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது.

வயதான ஆண்களுக்கு வரும் தொல்லைகளில் ஒன்று நீரடைப்பு. புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப் பாதையை நெரிப்பதே பெரும்பாலும் காரணம். அதை அறுவை செய்து செதுக்கி எடுக்கலாம். ஆனால் பிறகு ரத்தம் கசியும். அது கட்டியாக உறைந்தால் மறுபடியும் அடைப்பு!

அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி, இந்த ரத்தப்போக்கை அழுத்தி நிறுத்தவே 1930-களில் பலூன் வைத்த ரப்பர் குழாயை உருவாக்கினார். காப்புரிமை வழக்கில் அவர் தோற்றார். ஆனாலும் உலகம் முழுவதும் அந்தக் குழாய்க்கு அவர் பெயர்தான். பின்னாளில் வந்த குழாய்களில் மூன்று வழிகள் இருந்தன: ஒன்று பலூனுக்கு, ஒன்று சலைன் உள்ளே போக, ஒன்று எல்லாம் வெளியே வர. இடைவிடாமல் சலைன் ஓடுவதால் ரத்தம் கட்டியாகாமல் கழுவப்படுகிறது.

இங்கேதான் புதிய சிக்கல் பிறந்தது. வெளியே வரும் பையில் சலைனும் இருக்கிறது, சிறுநீரும் இருக்கிறது. சிறுநீர் மட்டும் எவ்வளவு?

கணக்கு எளிது. வெளியே வந்த மொத்தத்திலிருந்து உள்ளே போன சலைனைக் கழிக்க வேண்டும். உதாரணமாக, 8 மணி நேரத்தில் 3 லிட்டர் பை இரண்டு மாட்டப்பட்டன. இரண்டாவதில் 1,000 மில்லி மீதி. அப்படியானால் உள்ளே போனது 5,000. யூரோ பேக்கிலிருந்து அளந்து கொட்டியது 5,480. சிறுநீர் 480 மில்லி, அதாவது மணிக்கு 60. எடை 60 கிலோ என்றால் மணிக்குக் குறைந்தது 30 மில்லியாவது வர வேண்டும். ஆகவே கவலையில்லை.

அதே இடத்தில் 5,040 வந்திருந்தால்? பை நிரம்பித்தான் தெரியும். ஆனால் 8 மணி நேரத்தில் சிறுநீர் வெறும் 40 மில்லி! கழிக்காமல் எழுதினால், சிறுநீரகம் ஓய்ந்து வருவது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

வந்தது 4,700 என்றால் இன்னும் ஆபத்து. சிறுநீர் "மைனஸ் 300" என்று எதுவும் கிடையாது. குழாய் அடைத்து நீர் உள்ளே தேங்கியிருக்கலாம், படுக்கையில் கசிந்திருக்கலாம், பையில் ஓட்டை விழுந்து வயிற்றுக்குள் போயிருக்கலாம். உடனே சலைனை நிறுத்தி மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

உள்ளே விட்ட நீர் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நம்பக்கூடாது என்பதும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்தான். அறுவையின்போது கழுவப் பயன்படுத்திய வெறும் தண்ணீர் ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைத்து, உயிரையே எடுத்ததை 1947-ல் கிரீவி, வெப் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அதன் பிறகு தண்ணீரின் இடத்துக்குக் கிளைசின் போன்ற கரைசல்கள் வந்தன.

இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் சார்ட்டில் எழுதும் எண், மூன்றாம் வகுப்புக் கழித்தல்தான். அதை நம்பித்தான் கட்டிலில் ஒருவர் தூங்குகிறார்.