பிந்தித் திறந்த களம்: சேபர் வாளேந்திய பெண்கள்

நியூ ஜேர்சி மாநிலத்தின் மேப்பிள்வூட் நகரில் வசித்த ஒரு தாய், 1990களின் பிற்பகுதியில் ஒருநாள், தன் மகளுடன் காரில் சென்றுகொண்டிருந்தபோது பாடசாலை ஒன்றின் சாளரத்தினூடாக ஒரு காட்சியைக் கண்ணுற்றார். உடல் முழுவதையும் ஆடையால் மூடி, முகத்தை வலைக்கவசத்தால் மறைத்த மாணவர்கள் கைகளில் வாளேந்தி நின்றனர். அது இன்ன விளையாட்டு என்பதை அத்தாய் அறியார். ஆயினும், இஸ்லாமிய மரபுப்படி உடல் மூடி ஆடையணியும் தன் மகள் ஏனையோரைப் போன்றே சீருடை தரித்து ஆடக்கூடிய விளையாட்டு இதுவே என்பது அவருக்கு உடனே புலனாயிற்று. மற்றைய விளையாட்டுகளுக்கெல்லாம் மகளின் சீருடையை அவரே மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

அம்மகளே இப்திஹாஜ் முஹம்மத். 13 வயதில் வாள்வீச்சுப் பழகத் தொடங்கிய அவர், முதலில் 'எப்பே' என்னும் வாளையும் பின்னர் 'சேபர்' என்னும் வாளையும் கையிலெடுத்தார்.

வாள்வீச்சில் மூவகை வாள்கள் உள. பொயிலும் எப்பேயும் முனையால் மட்டும் குத்துவன. சேபர், குதிரைப்படை வீரரின் வாளிலிருந்து வந்ததாகையால், முனையாலும் விளிம்பாலும் இடுப்புக்கு மேல் எங்கும் தாக்கலாம். இதில் ஒரு புள்ளி பெரும்பாலும் ஓரிரு விநாடிகளுக்குள் முடிந்துவிடும். 1924 இல் பாரிஸில் பெண்களுக்குப் பொயில் போட்டி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. எப்பேக்கு 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சேபரோ 2004 இல் ஏதென்ஸில்தான் பெண்களுக்குக் கிட்டியது. ஆண்கள் 1896 முதல் ஆடிவந்த போட்டி இது! ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இக்கதவு ஏன் மூடிக்கிடந்தது என்பதற்கு, வெட்டும் வாள் பெண்ணுக்கு ஒவ்வாது என்ற பழைய எண்ணத்தைத் தவிர வேறு தக்க காரணத்தைக் காண்பது அரிது.

கதவு பிந்தித் திறந்ததில் ஒரு நன்மையும் விளைந்தது. பரம்பரையாக வாளேந்தாத வீடுகளிலிருந்தும் பெண்கள் உள்ளே நுழைய முடிந்தது. இப்திஹாஜுக்கு இவ்வாறு வழிகாட்டியவர் பீட்டர் வெஸ்ட்புரூக். நியூவார்க் நகரின் வறிய குடியிருப்பில் வளர்ந்தவர். தந்தை கறுப்பினத்தவர், தாய் யப்பானியர். முதல் நாள் வாள்வீச்சு வகுப்புக்குச் செல்வதற்காகத் தாய் அவருக்கு 5 டொலர் கொடுத்தாராம். அச்சிறுவன் 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் சேபரில் வெண்கலம் வென்றார். பின்னர் 1991 இல், வசதியற்ற பிள்ளைகளுக்கு வாள்வீச்சுப் பயிற்றும் அறநிலையம் ஒன்றை நியூயோர்க்கில் நிறுவினார். 2024 நவம்பரில் அவர் காலமானார்.

2016 இல் ரியோ நகரில் இப்திஹாஜ் தலையை மறைத்த துணியுடன் அமெரிக்காவுக்காகக் களமிறங்கினார். தனிநபர் போட்டியில் அவரை 15க்கு 12 என வென்று வெளியேற்றியவர் செசிலியா பெர்டேர் என்னும் பிரெஞ்சு வீராங்கனை. ஐந்து நாட்களின் பின் குழுப் போட்டியில் அமெரிக்கா இத்தாலியை 45க்கு 30 என வீழ்த்தி வெண்கலம் பெற்றது. அப்பதக்கத்தில் இப்திஹாஜுக்கும் பங்குண்டு.

எம்மவர் பெருமையுடன் நினைவுகூரும் இன்னொரு பெண்ணின் கதையும் இதனோடு ஒத்தது. சென்னைப் பழைய வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த பவானி தேவி, ஏதென்ஸில் பெண்களின் சேபர் அரங்கேறிய அதே 2004 ஆம் ஆண்டில் தம் பாடசாலையில் வாள்வீச்சில் சேர்ந்தார். விரும்பிச் சேர்ந்தாரல்லர், ஏனைய விளையாட்டுகளில் இடங்கள் நிரம்பிவிட்டன. தந்தை கோயில் அர்ச்சகர். வாள் விலையுயர்ந்ததாகையால் மூங்கிற் கழிகளால் பழகினர். தாயின் நகைகள் அடகுக்குச் சென்றன. அடகுக்கடைப் படியேறாத தாய் எம்மில் எத்தனை பேர்? 14 வயதில், துருக்கியில் நடந்த தம் முதற் சர்வதேசப் போட்டியில், மூன்று நிமிடம் பிந்தி வந்ததற்காகக் கறுப்பு அட்டை காட்டி அவரை வெளியேற்றினர். கேரளத்தின் தலசேரியிலும் பின்னர் இத்தாலியிலும் பயின்றார். மகள் ஒலிம்பிக் செல்வதைக் காணாமலே தந்தை 2019 இல் மறைந்தார்.

2021 யூலை 26 அன்று ரோக்கியோவில், ஒலிம்பிக் வாள்வீச்சுக் களத்தில் நின்ற முதல் இந்தியர் என்ற பெருமையுடன் பவானி துனீசியாவின் நாடியா பென் அசிசியை 15க்கு 3 என வென்றார். அடுத்து எதிரே வந்தவர் பிரான்சின் மனோன் புருனே. முடிவு: 7க்கு 15.

புருனே 1996 இல் லியோனில் பிறந்தவர். பவானியிலும் மூன்று வயது இளையவர். எனினும், ரியோவில் 20 வயதிலேயே நான்காம் இடம் பெற்றவர். 2018 இல் உலகக் குழுப் பட்டம் வென்ற பிரெஞ்சு அணியிலும் இருந்தவர். அவருக்குப் பின்னால் இருந்தது திறமை மட்டுமன்று. பிரான்ஸ் வாள்வீச்சின் தாயகம். எந்த நாட்டில் நடந்தாலும் நடுவர் கட்டளையிடுவது பிரெஞ்சு மொழியிலேயே. சேபரில் இருவர் வாளும் ஒரேசமயத்தில் பட்டு இரு விளக்குகளும் எரிந்தால், தாக்குதலை முதலில் தொடங்கியவர் யார் என்பதை நடுவர் தீர்மானிப்பார். அந்த நுண்ணிய கணத்தைத் தமதாக்கிக்கொள்ளும் பழக்கம், நாளாந்தம் வலிய எதிராளிகளோடு மோதியே வரும். பிரெஞ்சுப் பெண்ணுக்கு அத்தகைய எதிராளிகள் தம் பயிற்சிக்கூடத்திலேயே இருந்தனர். பவானியோ அவர்களைத் தேடிக் கண்டம் கடக்க வேண்டியிருந்தது.

தோல்வியின் பின் பவானி தம் நாட்டவரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதற்கு எவ்வித அவசியமும் இருக்கவில்லை என்பது எமது கருத்து. அவரை வென்ற புருனே அன்றே வெண்கலமும், பின்னர் குழுவோடு வெள்ளியும் பெற்றார். பவானியும் ஓய்ந்துவிடவில்லை. 2023 யூனில் சீனாவின் வுசி நகரில், உலக சாம்பியனாகிய யப்பானின் மிசாகி எமுராவை 15க்கு 10 எனத் தோற்கடித்து, ஆசியப் போட்டியில் இந்திய வாள்வீச்சின் முதற் பதக்கமாகிய வெண்கலத்தைக் கைப்பற்றினார்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பவானி இல்லை. யூலை 29 இரவு, கிராண்ட் பலே மண்டபத்தில் இறுதிப் போட்டியில் எதிரெதிரே நின்ற இருவருமே பிரெஞ்சுப் பெண்கள். சாரா பல்செரை 15க்கு 12 என வென்று புருனே தங்கம் பெற்றார். பெண்களின் சேபர் ஒலிம்பிக்குக்கு வந்து 20 ஆண்டுகளின் பின், பிரான்சுக்கு அப்போட்டியில் கிடைத்த முதல் தனிநபர்த் தங்கம் அது.