ஒரே கப்பல், வேறு வேறு பயணங்கள்: 'குவேக்கர் சிட்டி' 1867

'க்ரூஸ்' என்று சொன்னதும் இன்று நம் கண் முன்னால் வருவது என்ன? பத்துப் பன்னிரண்டு மாடி, நீச்சல் குளம், நாடக அரங்கு, ஆயிரக்கணக்கான பயணிகள்... சுருக்கமாகச் சொன்னால் ஒரு மிதக்கும் நகரம். ஆனால் இந்த வகைப் பயணம் தொடங்கிய காலத்தில் கப்பல்கள் மிகச் சிறியவை. ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்க்காமல் ஒரு நாளைக் கூட ஓட்ட முடியாது. அப்படி ஒரு சின்னக் கப்பலில் சுமார் 65 பயணிகள் ஐந்து மாதத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தால் என்ன நடக்கும்? அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் அந்த வாழ்க்கை எப்படித் தெரியும்? இதற்கு வரலாற்றில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதுதான் 1867இல் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய 'குவேக்கர் சிட்டி'.

கப்பல் எப்படிப்பட்டது?

'குவேக்கர் சிட்டி' என்பது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தின் செல்லப் பெயர். 1854இல் அந்த நகரத்தில் கட்டப்பட்டதால் கப்பலுக்கும் அதே பெயர். மரத்தால் ஆன உடல், நீராவி இயந்திரம், இரண்டு பக்கமும் தண்ணீரைத் தள்ளும் பெரிய துடுப்புச் சக்கரங்கள். காற்று சாதகமாக இருந்தால் பாயும் விரிப்பார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் கடற்படைக்காக வேலை செய்த கப்பல் இது. 1865இல் போர் முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் அதே கப்பல் உல்லாசப் பயணத்துக்குத் தயாரானது!

அதற்கு முன்பு யாரும் கப்பலில் ஊர் சுற்றவில்லையா? சுற்றினார்கள். ஆங்கில எழுத்தாளர் தாக்கரே 1844இலேயே பி அண்ட் ஓ நிறுவனத்தின் இலவச டிக்கெட்டில் மத்திய தரைக்கடலைச் சுற்றி வந்து புத்தகம் எழுதினார். ஆனால் அது தபால் கப்பல்களில் மாறி மாறிச் செய்த பயணம். குவேக்கர் சிட்டியின் திட்டம் வேறு. ஒரே கப்பல், ஒரே கூட்டம், போய்த் திரும்பும் வரை அதுவே வீடு. அமெரிக்காவிலிருந்து கிளம்பிய முதல் பெரிய உல்லாசக் கடற்பயணம் என்று பலரும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

திட்டம் பிறந்த இடம் புரூக்ளின் நகரில் இருந்த பிளிமத் தேவாலயம். அந்தச் சபையைச் சேர்ந்த சார்லஸ் டங்கன் என்பவர்தான் கேப்டன். கட்டணம் ஒருவருக்கு 1250 டாலர். அன்றைய சாதாரணக் கூலித் தொழிலாளி இரண்டு ஆண்டு உழைத்தாலும் சேராத தொகை! கரையில் ஆகும் செலவு தனி. பணம் இருந்தால் மட்டும் போதாது, ஒரு குழு விண்ணப்பத்தைப் பார்த்து 'நல்ல மனிதர்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நூலகம், இசைக்கருவிகள், மருத்துவர் எல்லாம் கப்பலிலேயே உண்டு என்றது விளம்பரம். புகழ் பெற்ற போதகர் ஹென்றி வார்டு பீச்சரும், போர்த் தளபதி ஷெர்மனும் கூட வருவார்கள் என்ற பேச்சு பரவியது. கடைசியில் இருவருமே வரவில்லை. 150 பேருக்கு இடம் என்று அறிவித்த கப்பலில் பாதி இடம் கூட நிரம்பவில்லை.

வந்தவர்களில் ஒருவர் 31 வயதுப் பத்திரிகைக்காரர். சான் பிரான்சிஸ்கோவின் 'ஆல்ட்டா கலிபோர்னியா' என்ற நாளிதழ் அவருக்காகக் கட்டணம் செலுத்தியது. பதிலுக்கு அவர் பயணம் முழுவதும் கடிதங்கள் எழுதி அனுப்ப வேண்டும். அவர் பெயர் சாமுவேல் கிளெமன்ஸ். உலகம் அவரை அறிவது மார்க் ட்வைன் என்ற புனைபெயரில்.

கப்பலில் ஒரு நாள்

1867 ஜூன் 8 அன்று கப்பல் துறையை விட்டு நகர்ந்தது. வெளியே கடல் கொந்தளித்ததால் துறைமுக வாயிலிலேயே நங்கூரம் போட்டு இரண்டு நாள் காத்திருந்தது. உல்லாசப் பயணத்தின் முதல் இரண்டு நாள் ஊரைப் பார்த்துக்கொண்டே கழிந்தது! ஜூன் 10 அன்றுதான் உண்மையில் அட்லாண்டிக்கில் இறங்கினார்கள். உடனே பலருக்குக் கடல் குமட்டல்.

ட்வைன் தன் அறையை விவரித்திருக்கிறார். இருவருக்கான படுக்கைகள், மங்கலான வெளிச்சம் தரும் ஒரு கண்ணாடித் துவாரம், முகம் கழுவ ஒரு தொட்டி, உட்காரவும் சாமான் வைக்கவும் உதவும் ஒரு நீளப் பெட்டி. அவ்வளவுதான். அன்று 'சொகுசு' என்றால் இதுதான்.

பகலில் மணி அடிப்பதை ஒட்டியே வாழ்க்கை நடந்தது. சாப்பாடு, படிப்பு, புகை பிடித்தல், அரட்டை. மேல்தளத்தில் கட்டங்கள் வரைந்து, நீளக் கோலால் மரவட்டுகளைத் தள்ளி ஆடும் ஒரு விளையாட்டு இருந்தது. கப்பல் ஆடும்போது வட்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. மாலையில் சாப்பாட்டுக் கூடத்தில் பிரார்த்தனை. அதன் பிறகு விளக்கடியில் இருபது முப்பது பேர் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதுவார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே உற்சாகம். நாள் ஆக ஆக பக்கங்கள் காலியாகவே கிடந்தன என்று ட்வைன் கேலி செய்கிறார். (புது வருட டைரி வாங்கும் எல்லோருக்கும் இது பொருந்தும், இல்லையா?)

நேரம் இன்னொரு வேடிக்கை. கிழக்கு நோக்கிப் போகும் கப்பலில் ஒவ்வொரு நாளும் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளி வைக்க வேண்டும். இது புரியாத ஓர் இளைஞர், விலை உயர்ந்த தன் கடிகாரம் கெட்டுப்போய்விட்டது என்று புலம்புவதாக ட்வைன் எழுதுகிறார். இன்னொரு பயணி காபி மோசம் என்று கோப்பையோடு கேப்டனிடம் போனாராம். அவர் கையில் இருந்தது தேநீர்!

மேல்தளத்தில் விளக்குகள் கட்டி நடனமும் ஆடிப் பார்த்தார்கள். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது ஆடுபவர்கள் மொத்தமாக அந்தப் பக்கக் கைப்பிடிக்குச் சறுக்கிப் போனார்கள். சிலருக்கு நடனமே பாவமாகத் தோன்றியது. விரைவில் நடனம் நின்றுபோனது. வழக்காடு மன்றம் போல ஒரு போலி விசாரணையும் நடந்தது. கப்பல் கணக்கர் ஒரு பயணியின் மேலங்கியைத் திருடிவிட்டார் என்பது குற்றச்சாட்டு.

பக்தர்களும் பாவிகளும்

பாதை மிக நீளம். அசோர்ஸ் தீவுகள், ஜிப்ரால்டர், மார்செய், இத்தாலியத் துறைமுகங்கள், ஏதென்ஸ், கான்ஸ்டான்டிநோபிள், கருங்கடல், பெய்ரூட், யாஃபா, எகிப்து... மார்செய்யில் இறங்கி ரயிலில் பாரிஸ் போய் உலகக் கண்காட்சி பார்த்தவர்கள் உண்டு. யால்டாவில் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரே இவர்களை வரவேற்றார். அந்த ஆண்டுதான் ரஷ்யா அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றிருந்தது.

ஆனால் அந்தக் கோடையில் இத்தாலியில் காலரா. அங்கிருந்து வந்த கப்பல் என்பதால் ஏதென்ஸ் துறைமுகத்தில் யாரையும் இறங்க விடவில்லை. ட்வைனும் இன்னும் மூன்று பேரும் இரவில் திருட்டுத்தனமாகக் கரையேறி, நிலவொளியில் அக்ரோபோலிஸ் குன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மற்றவர்கள் கப்பலில் இருந்தபடியே தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

சின்ன இடத்தில் நெடுநாள் இருந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிவது இயல்பு. இங்கும் பிரிந்தது. பிரார்த்தனையைத் தவறவிடாதவர்கள் ஒரு பக்கம்; சீட்டு, சுருட்டு, சிரிப்பு என்று இருந்தவர்கள் மறுபக்கம். ட்வைன் இவர்களுக்கு வைத்த பெயர் 'பக்தர்கள்', 'பாவிகள்'. சிரியாவில் குதிரைப் பயணம் செய்தபோது, ஞாயிற்றுக்கிழமை பயணம் செய்தால் பாவம் என்று சொல்லி, மூன்று நாள் தூரத்தை இரண்டு நாளில் கடக்கும்படி சில பக்தர்கள் வற்புறுத்தினார்கள். களைத்த குதிரைகள் பட்ட பாட்டைப் பார்த்த ட்வைனுக்கு வந்த கோபம் சாதாரணமானது அல்ல. ஓய்வுநாளைக் காப்பாற்ற வாயில்லாப் பிராணிகளை வதைப்பது என்ன பக்தி என்பது அவர் கேள்வி.

1867 நவம்பர் 19 அன்று கப்பல் நியூயார்க் திரும்பியது. மறுநாளே 'நியூயார்க் ஹெரால்டு' பத்திரிகையில் ட்வைனின் கட்டுரை வந்தது. உல்லாசப் பயணம் என்று சொன்னார்கள், ஆனால் பிணம் மட்டும் இல்லாத சவ ஊர்வலம் போல இருந்தது என்பது அதன் சாரம். கூட வந்தவர்கள் கொதித்துப்போனார்கள்.

மற்றவர்கள் பார்த்த கப்பல்

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அந்தக் கப்பலிலிருந்து எழுதி அனுப்பியவர் ட்வைன் மட்டும் அல்ல.

மேரி மேசன் ஃபேர்பேங்க்ஸ் என்ற பெண்மணி 'கிளீவ்லாந்து ஹெரால்டு' பத்திரிகைக்கு 'மைரா' என்ற பெயரில் கடிதங்கள் எழுதினார். நிதானமும் பக்தியும் கலந்த கடிதங்கள். அவர் பார்வையில் அது சவ ஊர்வலம் அல்ல. ட்வைன் உட்காரும் மேசையிலிருந்து சிரிப்பு வெடிப்பதையும், எல்லோரும் அந்தப் பக்கம் திரும்புவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அவ்வளவு சிரிப்பு இருந்த கப்பலா சவ ஊர்வலம்? ட்வைன் தன் கடிதங்களை இவரிடம் காட்டி ஆலோசனை கேட்டார். வாழ்நாள் முழுவதும் அவரை 'அம்மா' என்றே அழைத்தார். அப்படியானால் 'பக்தர்கள்' எல்லோரும் அவருக்கு எதிரிகள் அல்ல.

ஜூலியா நியூவெல் என்ற பெண் விஸ்கான்சின் மாநிலத்தின் 'ஜேன்ஸ்வில் கெஜட்' பத்திரிகைக்கு எழுதினார். ட்வைனுக்குச் சளைக்காத குறும்பு அவர் கடிதங்களில் உண்டு. கப்பல் மருத்துவராக வந்த ஜாக்சனைப் பின்னாளில் அவர் மணந்துகொண்டார். எமிலி செவரன்ஸ் என்பவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1938இல்தான் புத்தகமாக வந்தன. கேப்டன் டங்கனுக்கும் ஒரு கதை இருந்தது. பயணத்துக்குப் பதிவு செய்ய வந்தபோதே ட்வைன் குடித்திருந்தார் என்று 1877இல் அவர் பொதுமேடையில் சொன்னார். ட்வைனும் பத்திரிகையில் சுடச்சுடப் பதில் கொடுத்தார்.

பதினேழு வயது சார்லஸ் லாங்டனுக்கோ இது வேறு பயணம். ஸ்மிர்னா துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, தன் அக்கா ஒலிவியாவின் சிறு ஓவியத்தை அவர் ட்வைனிடம் காட்டினார். 1870 பிப்ரவரியில் ட்வைன் அந்த ஒலிவியாவையே மணந்தார்.

எல்லாவற்றையும் விட அழுத்தமான காட்சி யாஃபாவில் நடந்தது. 1866இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து 150க்கும் மேற்பட்டோர் ஜார்ஜ் ஆடம்ஸ் என்ற போதகரை நம்பி அங்கே குடியேறியிருந்தார்கள். நோய், மரணம், பட்டினி. கையில் காசு இல்லை. அவர்களில் சுமார் 40 பேரைக் குவேக்கர் சிட்டி அலெக்சாந்திரியா வரை ஏற்றி வந்தது. உல்லாசப் பயணிகளின் நடுவே, எல்லாவற்றையும் இழந்த ஒரு கூட்டம்! அவர்கள் ஊர் திரும்ப 1500 டாலர் தேவைப்பட்டது. பயணிகளில் ஒருவரான, 'நியூயார்க் சன்' பத்திரிகையின் மோசஸ் பீச், முழுத் தொகையையும் தானே கொடுத்தார். அவரும் பிளிமத் சபையோடு தொடர்புடையவர்தான். கேலி செய்த ட்வைனும் இதை மறைக்காமல் எழுதினார்.

எது உண்மை?

1869இல் ட்வைனின் கடிதங்கள் திருத்தப்பட்டு 'தி இன்னசென்ட்ஸ் அப்ராட்' என்ற புத்தகமாயின. 'வெளிநாட்டில் அப்பாவிகள்' என்று பொருள் கொள்ளலாம். அவர் வாழ்நாளில் அதிகம் விற்ற புத்தகம் அது. அதனால் குவேக்கர் சிட்டி என்றாலே இன்று நமக்குத் தெரிவது ட்வைனின் கப்பல்தான். முதியவர்கள் எல்லோரும் வேடிக்கை மனிதர்கள், பிரார்த்தனை எல்லாம் வேஷம் என்று ஒரு சித்திரம் நிலைத்துவிட்டது. அவர் பொய் சொன்னார் என்பது அல்ல. குதிரைகளும் உண்மை, பீச் கொடுத்த பணமும் உண்மை. ஆனால் நன்றாக எழுதுபவர் ஒருவர் இருந்தால், மற்ற 64 பேரின் பயணத்தையும் அவரே எழுதிவிடுகிறார். அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள், பாத்திரம் கழுவியவர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களிடம் கடிதம் கேட்டு வாங்க எந்தப் பத்திரிகையும் இல்லை.

கப்பலின் முடிவு சோகமானது. ஹெய்ட்டிக்கு விற்கப்பட்டு, பெயர் மாற்றப்பட்டு, 1871இல் பெர்முடா அருகே கடலில் மறைந்தது. கப்பல் போய்விட்டது, கடிதங்கள் இருக்கின்றன. ஆகவே, ட்வைனின் புத்தகத்தைக் கட்டாயம் படியுங்கள், வயிறு வலிக்கச் சிரியுங்கள். அதோடு மைராவின் கடிதம் ஒன்றையும் தேடிப் படியுங்கள். அதே கடல், அதே மேசை, அதே சிரிப்பு... ஆனால் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தது!