தர்மயுகம் (அய்யாவழி)

அய்யா வைகுண்டர் (1809–1851) தென் திருவிதாங்கூரில் முன்வைத்த சமத்துவ எதிர்காலம் தர்மயுகம் எனப்படுகிறது. கலி என்னும் தீய சக்தியின் ஆட்சி ஒழிந்தபின் சாதி உயர்வு தாழ்வும் அநியாய வரியும் இல்லாத ஒரே ஆட்சி வரும் என்பது இதன் சாரம். அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை இதை விரித்துரைக்கிறது.

இந்த எதிர்பார்ப்பு பிறந்த மண்ணை அறியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. இரணியலிலும் அண்டையிலுள்ள கல்குளத்திலும் 1822 முதல் தோள்சீலைக் கலகம் மூண்டது. மார்பை மறைத்த நாடார் பெண்களின் மேலாடை கிழித்தெறியப்பட்டது. பனையேறிகள் தலைக்கும் வரி கட்டினர். ஊழியம் என்ற பெயரில் கூலியில்லா வேலையும் செய்தனர்.

வைகுண்டர் வருங்காலத்துக்காகக் காத்திருக்கவில்லை. அவருடைய பெருமை இதில்தான். சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு வெட்டி எல்லாச் சாதியாரையும் ஒரே நீரில் குளிக்கவைத்தார். ஒரே பந்தியில் உண்ணவைத்தார். தலைப்பாகை மறுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். இன்றும் அய்யாவழி வழிபாட்டிடங்களான பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் ஆண்கள் அப்படியே நிற்கிறார்கள். கருவறையில் சிலை இல்லை, நிலைக்கண்ணாடி இருக்கிறது. கும்பிடுபவர் அதில் காண்பது திருநாமமிட்ட தம் முகத்தையே. தாழ்ந்தவர் என்று விரட்டப்பட்டவருக்கு இதைவிடத் தெளிவாக எதைச் சொல்லிவிட முடியும்?

திருவிதாங்கூர் அரசு வைகுண்டரைத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தது. அவர் மறைந்து எட்டாண்டுகளுக்குப் பின், 1859 ஜூலை 26 அன்று, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என அரசாணை வந்தது. உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடை அதிலும் இருந்தது.