லினக்சும் 4 கிகாபைட்டு நினைவக எல்லையும்

மடிக்கணினியில் 4 கிகாபைட்டு நினைவகத்தைப் பொருத்தி 32 பிட்டு லினக்சை நிறுவிய பலர், ஏறத்தாழ 3 கிகாபைட்டு மட்டுமே காட்டப்படுவதைக் கண்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று ஐயுற்றதுண்டு. பொருத்திய நினைவகம் முழுதாகவே இருந்தது. அதைச் சுட்டும் முகவரிதான் போதவில்லை. அந்த எல்லை எப்படித் தோன்றியது, லினக்சு அதை எப்படித் தாண்டியது என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

எல்லையின் தோற்றம்

1985இல் வெளிவந்த இன்டெல் 80386 செயலி, நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டையும் 32 பிட்டு எண்ணால் சுட்டியது. அவ்வாறு எழுதக்கூடிய முகவரிகள் மொத்தம் 4,294,967,296. அதாவது 4 கிகாபைட்டு. கதவு எண்ணுக்கு இரண்டு இலக்கம்தான் என்றால், தெருவில் நூறு வீடுகளுக்கு மேல் கடிதம் சேராதல்லவா? அதுபோலத்தான் இதுவும். இந்த முகவரிகளிலும் ஒரு பகுதியை வரைகலைச் சில்லு போன்ற கருவிகள் எடுத்துக்கொண்டன. அதனால் அந்த அளவு நினைவகம் இருந்தும் எட்டாமற்போனது.

1991இல் லினசு டோர்வால்டுசு லினக்சை எழுதத் தொடங்கியது 80386 செயலிக்காகவே. பின்னர் நிலைபெற்ற முறையில், முகவரிகளுள் 3 கிகாபைட்டு நிரல்களுக்கும் 1 கிகாபைட்டு கெர்னலுக்கும் ஒதுக்கப்பட்டன. கெர்னல் நேரடியாக எட்டக்கூடிய நினைவகம் 896 மெகாபைட்டு. அக்காலக் கணினிகளுக்கு அது தாராளமாகவே இருந்தது.

36 பிட்டு வழி

1995இல் வந்த பென்டியம் புரோ, முகவரியை 36 பிட்டாக நீட்டிக்கும் 'பிஏஈ' வசதியைத் தந்தது. இதனால் 64 கிகாபைட்டு வரை எட்ட முடிந்தது. 2001 சனவரியில் வெளியான லினக்சு 2.4 இதை ஏற்றது. எனினும் தனியொரு நிரலுக்கு 3 கிகாபைட்டு என்ற வரம்பு நீடித்தது.

மடிக்கணினிகளில் வேறொரு சிக்கலும் எழுந்தது. தொடக்ககாலப் பென்டியம் எம் செயலிகள் இவ்வசதி இருந்தும் அதை அறிவிக்கவில்லை. உபுண்டு 2012இல் பிஏஈ கெர்னலைக் கட்டாயமாக்கியபோது, பழைய மடிக்கணினிகள் சில நிறுவலின் தொடக்கத்திலேயே நின்றன. 2014இல் வந்த 14.04 பதிப்பின் 'ஃபோர்ஸ்பிஏஈ' என்னும் தேர்வு அவற்றுக்கு வழிவிட்டது.

64 பிட்டு

2003 ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனத்தின் ஆப்டரான் செயலி வெளிவந்தது. அதற்கு முன்பே, போலச்செய் மென்பொருளில் இயக்கிப் பார்த்து, லினக்சை அதற்கு ஆயத்தப்படுத்தியிருந்தனர். ஆனால் 64 பிட்டு செயலி மட்டும் போதாது. 2006ஆம் ஆண்டு மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த இன்டெல் 945 வகைச் சில்லுத்தொகுதி, மறைந்த நினைவகத்தை 4 கிகாபைட்டுக்கு மேலான முகவரிக்கு மாற்றித் தராது. ஆகவே 64 பிட்டு லினக்சிலும் அவற்றின் எல்லை நீங்கவில்லை.

காலியாக இருப்பதே நன்றா?

'ஃப்ரீ' கட்டளை காட்டும் காலி நினைவகம் குறைவாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வட்டிலிருந்து படித்த கோப்புகளை லினக்சு மிச்ச நினைவகத்தில் வைத்துக்கொள்ளும்; நிரல்கள் கேட்கும்போது விட்டுக்கொடுக்கும். இக்குழப்பத்தைக் குறைக்கவே, நிரல்களுக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய அளவின் மதிப்பீட்டை 2014இல் வந்த கெர்னல் 3.14 தனியே தரத் தொடங்கியது. ஆகவே பழைய மடிக்கணினியை ஒதுக்குமுன் செயலி, சில்லுத்தொகுதி, கெர்னல் ஆகிய மூன்றையும் சரிபார்ப்பது நல்லது.