வெள்ளெழுத்தும் மண்ணெண்ணெயும்

வடசென்னையின் சரித்திரத்தை எழுத உட்காருகிறவர்கள் 1856ஆம் வருஷம் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்ததிலிருந்து ஆரம்பிப்பார்கள். பிறகு துறைமுகம், ஆலைகள், எண்ணூர் அனல்மின் நிலையம் என்று வரிசையாகப் போவார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பேட்டைகளில் பலகையில் பூவேலை அறுத்துப் பிழைத்த ஆசாரி எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து அறுத்தார், எந்த வயது வரைக்கும் அவரால் அறுக்க முடிந்தது என்று கேட்பாரில்லை. எனக்கு இது பெரிய கேள்வியாகவே படுகிறது. கண் போனால் வேலை போயிற்று. வேலை போனால் சோறு போயிற்று.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாமி மாடத்தின் வளைவு, வாசல் நிலைக்கு மேலே காற்றுக்காகப் பொருத்தும் பலகை, படத்தின் சட்டம், இவற்றில் கொடியும் கிளியும் வரைந்து, வேண்டாத இடத்தை அறுத்து எடுத்துவிடுகிற வேலை. வில்லைப் போன்ற சட்டத்தில் நூல் மாதிரி ஒரு வாளைப் பூட்டி, துளை வழியே நுழைத்து, பென்ஸில் கோட்டின் வெளியோரத்தைத் தொட்டும் தொடாமலும் மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். மயிரிழை உள்ளே போனால் கொடியின் காம்பு பட்டென்று ஒடிந்துவிடும். வஜ்ஜிரம் வைத்து ஒட்டலாம்; ஒட்டினது வாங்குகிறவன் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

இதற்கு ஏற்ற வெளிச்சம் திண்ணையில் பக்கவாட்டில் விழுகிற பகல் வெளிச்சம். வலது கைக்காரருக்கு இடது பக்கத்திலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் அவர் கையின் நிழலே கோட்டை மறைத்துவிடும். ஐப்பசி அடைமழையில் நாலு மணிக்கே அந்த வெளிச்சம் போய்விடும். பிறகு அகல் விளக்கு. அதன் சுடர் ஆட ஆட நிழலும் ஆடும், கோடு எது நிழல் எது என்று தெரியாது. ஐரோப்பாவில் லேஸ் பின்னுகிற பெண்கள் கண்ணாடி உருண்டையில் தண்ணீரை நிரப்பி, மெழுகுவர்த்திக்கு முன்னால் வைத்து, அதன் ஒளியை ஒரே புள்ளியில் குவித்துப் பின்னினார்கள். கஷ்டம் எந்த ஊருக்கும் ஒன்றுதான்.

இந்த நிலையை மாற்றியது மண்ணெண்ணெய். சிமினி போட்ட விளக்கின் சுடர் காற்றுக்கு ஆடாமல் நின்றது. விளக்கை ஏற்றத் தீக்குச்சியும் பக்கத்திலேயே தயாராயிற்று. ஸ்வீடன் தேசத்து மூலதனத்தோடு 1923ல் தொடங்கிய விம்கோ கம்பெனி திருவொற்றியூரில் ஆலை வைத்தது. அந்தப் பெயர் 2021ல் திறந்த மெட்ரோ நிலையத்தின் பலகையிலும் ஏறியிருக்கிறது. எண்ணெயோ கடல் வழியாக வந்து, துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனியின் பெரிய தொட்டிகளில் தங்கியது. 1914 செப்டம்பர் 22ந் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து சுமார் 130 குண்டுகளைப் போட்டதே, அதற்குக் குறி அந்தத் தொட்டிகள்தாம். எத்தனையோ ஆயிரம் வீடுகளில் சொட்டுச் சொட்டாக எரிய வேண்டிய எண்ணெய் அன்று ஒரே விளக்காக எரிந்தது. நமக்கு மிச்சம் ஒரு வார்த்தை: பொல்லாத சாமர்த்தியசாலியை இன்றைக்கும் 'எம்டன்' என்கிறோம். எரிந்த எண்ணெயை யார் நினைக்கிறார்கள்?

மின்சாரம் பட்டணத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. 1895லேயே சென்னையில் மின்சார டிராம் ஓடியது. வண்டி இழுக்க முந்திக்கொண்ட மின்சாரம், ஆசாரியின் பலகைக்கு வெகு சாவகாசமாகத்தான் வந்து சேர்ந்தது. வந்ததும் கூரையின் நடுவில் ஒரு பல்பாகத் தொங்கியது. குனிந்து உட்காருகிறவரின் தலை நிழல் சரியாக வேலையின் மேல் விழும்! விளக்கைக் கீழே இறக்கி, தகரக் குடை போட்டு, பலகைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தால்தான் அறுத்த தடத்தின் கரை எடுப்பாகத் தெரியும். வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட எங்கிருந்து விழுகிறது என்பதுதான் இந்தத் தொழிலில் முக்கியம் என்பது என் கட்சி. ஐம்பது வாட் பல்பு பக்கத்தில் இருந்தால், உச்சியில் தொங்கும் நூறு வாட்டைக் காட்டிலும் மேல். எண்ணூர் அனல்மின் நிலையமே 1970ல் தொடங்கி 2017ல் மூடியும் ஆயிற்று. இந்த விதி மாறவில்லை.

ஆனால் எத்தனை விளக்கு வைத்தாலும் நாற்பது வயசு வருகிறதே! வெள்ளெழுத்து என்று நம்மவர்கள் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம்! கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதாக ஆக விறைத்துப்போகிறது. கிட்டத்திலுள்ளதைப் பார்க்க வளைந்துகொடுப்பதில்லை. கை முதிர்ந்து கைவல்யம் கூடுகிற வயதில் கண் காலை வாருகிறது. 1819லேயே கண்ணுக்கென்று தனி ஆஸ்பத்திரி ஏற்பட்ட ஊர் சென்னை. எழும்பூரில் இன்றும் இருக்கிறது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரி மட்டும்தான் அதற்கு மூத்தது என்பார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் கண் வலித்தால் போவான், புரை விழுந்தால் போவான். கோடு மங்குகிறது என்று தொழிலாளி எங்கே போகிறான்? பலகையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்வான். பிறகு மகனிடம் வாளைக் கொடுத்துவிட்டு உப்புத்தாள் தேய்ப்பான்.

இதில் எவ்வளவு நஷ்டம் என்பதை ஒருமுறை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது வயதைத் தாண்டிய 751 பேரை வைத்து நடந்த அந்தப் பரிசோதனையின் முடிவு 2018ல் வெளியாயிற்று. கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் அதிகமாகப் பறித்தார்கள். இலை கிள்ளுகிற வேலைக்கே இப்படி என்றால், நூல் வாளுக்குக் கேட்பானேன்!

மூக்குக் கண்ணாடி இழந்த பார்வையைத் திருப்பித் தரும். அதற்கு மேல் பெரிதாகக் காட்ட பூதக்கண்ணாடி வேண்டும். இங்கேதான் ஒரு சங்கடம். இரண்டு மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வேலைக்கு மேல் ஐந்து அங்குல உயரத்தில் பிடிக்கலாம். பத்து மடங்கு என்றால் ஓர் அங்குலம்தான். கடிகாரக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் குப்பியை ஆசாரி மாட்டிக்கொண்டால் வாளின் சட்டம் நெற்றியில் இடிக்கும், மரத்தூள் மூக்கில் ஏறும், பார்வையில் விழுகிற வட்டமும் ஒரு காலணா அளவுக்குச் சுருங்கி, கொடி அடுத்தபடி எங்கே திரும்புகிறது என்பதே தெரியாமல் போகும். அதனால் பூவேலைக்கு இரண்டு மடங்கே போதும். காலில் நிறுத்திய பெரிய வட்டக் கண்ணாடி, சுற்றிலும் சின்ன விளக்குகள் பதித்தது, இப்போது கடைகளில் கிடைக்கிறது. ஆனால் சுற்றி வரும் வெளிச்சத்தில் நிழலே விழாது. நிழலில்லாவிட்டால் தடத்தின் கரையும் தெரியாது. அந்த விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய மேஜை விளக்கை இடது பக்கத்தில் சாய்த்துக்கொண்டால் வேலை ஒழுங்காக நடக்கும்.