மஃபர் குதிரைகளும் மறந்த அமானிதமும்

பாண்டிய நாட்டை அரபு வணிகர்கள் மஃபர் என அழைத்தனர். 13ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் காயல் துறைமுகத்தில் வந்திறங்கிய குதிரைகளைப் பற்றி நாம் இன்றும் பெருமையோடு பேசுகிறோம். கிஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டதையும், ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் விலை வைக்கப்பட்டதையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். கடற்பயணத்தில் மாண்ட குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுத்தது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரிடம் அமைச்சராக விளங்கினார்.

கரையேறிய பின் அக்குதிரைகளின் கதி என்ன? அந்நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் கூறுகிறார்.

குதிரை தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் வியர்வையால் தணிக்கிறது. உலர்ந்த காற்றில் வியர்வை விரைவில் ஆவியாகி உடல் குளிரும். கடலோரத்தின் ஈரக்காற்றிலோ வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். சூடு உள்ளேயே தங்கும். அத்தகைய நிலத்தில் குதிரையைக் குளிர்ந்த காலைப் பொழுதில் செலுத்த வேண்டும். சவாரி முடிந்ததும் சேணத்தை இறக்கி, நிழலில் நிறுத்தி, உடல் முழுவதும் தண்ணீரை மீண்டும் மீண்டும் ஊற்ற வேண்டும். குடிக்கவும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். உடல் கொழுக்காமல் காப்பதும் இன்றியமையாதது.

மஃபரில் நடந்ததோ வேறு. வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் ஊட்டி, நாற்பது நாள் லாயத்தில் கட்டிக் கொழுக்கவைத்தனர். பின்னர்ப் பயிற்சியின்றியே ஏறி விரட்டினர் என்கிறார் வஸ்ஸாஃப். புழுக்கத்தில் சூடு தணியாமல் தவிக்கும் உயிருக்கு இதைவிடப் பெருந்தீங்கு எது?

மார்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார்: குதிரைகள் மடிந்தால்தான் மீண்டும் விற்கலாம் என்பதால், வணிகர்கள் குதிரை மருத்துவர்களை அங்கே வரவிடவில்லையாம். இஃது ஓர் அயலாரின் குற்றச்சாட்டு. எனினும் நம் முன்னோரின் வாணிபச் சிறப்பைப் பேசும்போது இதனை மறைத்துவிட்டுப் பேசுவது நீதியாகாது.

ஏனெனில் நம் மார்க்கம் இதில் தெளிவாக இருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் குதிரையின் முகத்தைத் தம் மேலாடையால் துடைத்துவிட்டதாக அறிவிப்பு உண்டு. வாயில்லாப் பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறும், அவை நல்ல நிலையில் இருக்கும்போதே ஏறிச் செல்லுமாறும் அவர்கள் அறிவுறுத்தினார்கள்.

காயலின் குதிரை வாணிபம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. ஆயினும் குர்பானிக்காக ஆடுகளை வெயிலில் வண்டியேற்றிக் கொண்டுவருகிறோம். வீட்டு வாசலில் கட்டிவைக்கிறோம். அவற்றுக்கு நிழலும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தோமா என்னும் கேள்வி நம்மிடமும் கேட்கப்படும்.